கூண்டுக்குள்ளே புலி

"ஏய்யா, அன்னைக்கு வலைக்குள்ள அந்தப் போடு போட்டான். இங்க வந்து என்ன மரம் மாதிரி நிக்கான்?"

போன வருடம் ஏப்ரலில், என் மகனின் பேஸ்பால் சீசனின் முதல் மேட்ச் அன்று என் அம்மா கேட்டது. நியூ ஜெர்சியில் ஏப்ரல் என்றால் காலண்டரில் மட்டும்தான் வசந்தம். மைதானத்தில் காற்று காதை அறுக்கும். பாளையங்கோட்டையிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. என் பழைய ஜாக்கெட், அதற்கு மேல் ஒரு கம்பளி, தலையில் குரங்குக் குல்லா என்று மடக்கு நாற்காலியில் ஒரு மூட்டையாக உட்கார்ந்திருந்தார். பேரன் மூன்று முறை மட்டை பிடித்தான். முதல் இரண்டு முறையும் மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கண்ணாலேயே வழியனுப்பி வைத்தான். மூன்றாவது முறை புருவ உயரத்தில் வந்த பந்துக்கு எம்பி வீசினான். காற்றுதான் கிடைத்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே டக்அவுட்டில் போய் உட்கார்ந்தான். அழுகிறான் என்றால் அவன் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டான்.

அம்மா கேட்டதில் தப்பே இல்லை. மார்ச்சில் அவரையும் ஒருநாள் இன்டோர் கேஜுக்குக் கூட்டிப் போயிருந்தேன். பழைய கிடங்கு ஒன்றில் பச்சைக் கம்பளம் விரித்து, நீளவாக்கில் வலை கட்டி, ஒரு முனையில் பிட்ச்சிங் மெஷின் வைத்திருப்பார்கள். அரை மணி நேரத்துக்கு வாடகை. மெஷின் மணிக்கு 45 மைல் வேகத்தில் துப்பும். பையன் 60 பந்தில் 50 பந்தாவது அடித்திருப்பான். அலுமினிய மட்டையின் 'டிங்' சத்தம் அந்தத் தகரக் கூரையில் எதிரொலிக்கும்போது, செலவழித்த காசுக்கெல்லாம் ரசீது கிடைத்த மாதிரி இருக்கும் எனக்கு. குளிர்காலம் முழுக்க அந்த டிங்கை நம்பித்தான் இருந்தேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. அடிக்கத் தோதான இடத்தில் வந்த பந்தை விட்டாலும் ஸ்ட்ரைக், வீசித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக். மூன்று ஆனால் அவுட். தோதில்லாத இடத்தில் வந்ததை வீசாமல் விட்டால் அது 'பால்'. நான்கு சேர்ந்தால் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். ("நாலு பால் குடுத்தா அடிக்கவே வேண்டாமா? பொறவு எதுக்கு அடிக்க?" என்பது அம்மாவின் அடுத்த கேள்வி. அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.)

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மகனின் அணிக்கு நான் துணைக் கோச் ஆனது தகுதியால் அல்ல. பெற்றோர் கூட்டத்தில் யாரும் கை தூக்கவில்லை. நான் மொபைலை எடுக்கக் கையை அசைத்தேன், அவ்வளவுதான். பேஸ்பால் விதிகளை முப்பத்தைந்து வயதில் யூட்யூபில் படித்தவன். ஆகவே ஏப்ரல் மேட்சுக்குப் பிறகு எல்லா அப்பாக்களும் செய்வதையே நானும் செய்தேன். கேஜ் நேரத்தை இரண்டு மடங்காக்கினேன். காரில் போகும்போது அறிவுரை. மேட்சில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "எல்போ அப்!" என்று கத்தல். இந்த எல்போ அப் இங்கே ஒரு தேசிய கீதம். அதனால் யாருக்காவது பந்து பட்டதாக நான் பார்த்ததில்லை, ஆனால் எல்லோரும் பாடுகிறார்கள். மே முதல் வாரம் வரை ஒரு மாற்றமும் இல்லை. கேஜில் டிங், மைதானத்தில் மரம்.

டென்ஷன் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேஜில், பந்து போடும் வேலையை இன்னொரு அப்பா ஏற்றுக்கொண்டதால் நான் சும்மா உட்கார்ந்து பையனின் காலைப் பார்த்தேன். மெஷினில் பந்தைப் போடுமுன் ஆள் அதைத் தூக்கிக் காட்டுவார், "இதோ வருது" என்பதற்காக. அவர் கை உயரும்போதே பையனின் முன்கால் நகரத் தொடங்கிவிடுகிறது. பந்து சக்கரத்துக்குள் போகுமுன்பே மட்டை பாதிவழி வந்துவிட்டது. ஐந்தாவது பந்துக்கு அவன் கண்ணே தேவையில்லை, தாளம் போதும். நான் எழுந்து போய், அவனிடம் சொல்லாமல், வேகத்தை 45இலிருந்து 40க்குக் குறைத்தேன். அடுத்த நான்கு பந்தும் காற்று. ஐந்தாவதுக்கு மட்டையைத் தரையில் ஊன்றிவிட்டுத் திரும்பினான்.

"மெஷின் ரிப்பேராப்பா?"

ஐந்து மைல் வித்தியாசம். அவன் பேட்டிங் கற்றுக்கொள்ளவே இல்லை, ஒரே ஒரு பந்தை மனப்பாடம் செய்திருக்கிறான். குளிர்காலம் முழுக்க ஒரே வாய்ப்பாட்டை ஒப்பித்த பிள்ளையிடம் திடீரென்று கணக்குக் கேட்டால்? அதுதான் நடந்திருக்கிறது.

அவன் வயதில் பந்து போடும் பிட்சர் நிற்கும் இடத்துக்கும், அடிப்பவன் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் 46 அடி. பெரியவர்களுக்கு 60 அடி 6 அங்குலம். 45 மைல் வேகப் பந்து 46 அடியைக் கடக்க முக்கால் நொடிக்கும் குறைவுதான். மட்டையைச் சுழற்றவே அதில் கணிசமான பங்கு போய்விடும். மிச்சமிருக்கும் துளி நேரத்தில் வேகம், உயரம், உள்ளேயா வெளியேயா, வீசலாமா வேண்டாமா என்று எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும். பந்து வந்த பிறகு பார்ப்பதெல்லாம் தாமதம். ஆகவே நல்ல பேட்டர் பந்துக்கு முன்னால் ஆளைப் பார்க்கிறான். தோள் எப்படித் திரும்புகிறது, கை எங்கிருந்து வருகிறது, பந்து விரலை விடும் இடம் எது என்று. மெஷினுக்குத் தோளும் இல்லை, கையும் இல்லை.

இதற்கு நான் படித்ததிலேயே நல்ல சாட்சி 2004இல் நடந்த ஒரு கண்காட்சி ஆட்டம். மேஜர் லீகின் பெரிய அடிகாரர்களில் ஒருவரான ஆல்பர்ட் பூஹோல்ஸுக்கு, சாஃப்ட்பால் வீராங்கனை ஜெனி ஃபின்ச் பந்து போட்டார். சாஃப்ட்பால் பேஸ்பாலைவிடப் பெரியது. பெயரைப் பார்த்து மிருதுவாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். இடுப்புக்குக் கீழிருந்து கையைச் சுழற்றி, 43 அடியிலிருந்து போடுவார்கள். பூஹோல்ஸ் மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட். டேவிட் எப்ஸ்டீன் 'தி ஸ்போர்ட்ஸ் ஜீன்' புத்தகத்தில் இதை விளக்குகிறார்: மனிதக் கண்ணுக்கோ கைக்கோ அசாதாரண வேகம் கிடையாது, ஆயிரக்கணக்கான பிட்சர்களின் உடலசைவைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த சொத்துதான் பூஹோல்ஸின் பலம், கீழிருந்து வரும் கை அந்தச் சொத்தில் இல்லை. அவருக்கே அப்படி என்றால், ஒரு குளிர்காலம் முழுக்க இரண்டு ரப்பர் சக்கரங்களைப் பார்த்து வளர்ந்த பத்து வயதுப் பையனை நான் எப்படித் திட்டுவது?

எங்கள் தலைமைக் கோச் ஒரு பிளம்பர், ஐம்பதைத் தாண்டியவர். பள்ளி நாட்களில் ஆடியவர். 40 மைல் கதையைச் சொன்னதும் சிரித்தார். "கேஜ் அப்பாக்களுக்காகக் கட்டினது. சத்தம் கேட்டா அவங்களுக்குச் சந்தோஷம்" என்றார். அதன் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பயிற்சியைக் கெடுக்க ஆரம்பித்தோம்.

கெடுப்பது என்று தெரிந்துதான் சொல்கிறேன். கலிபோர்னியாவில் கல்லூரி பேஸ்பால் வீரர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1994இல் வெளியானது. வழக்கமான பயிற்சி போக வாரம் இரண்டு நாள், ஆறு வாரம், ஒவ்வொரு முறையும் 45 பந்து. ஒரு குழுவுக்கு 15 வேகப்பந்து, 15 வளைபந்து, 15 மெதுபந்து என்று வரிசையாக. இன்னொரு குழுவுக்கு அதே 45, ஆனால் கலந்துகட்டி. அடுத்து என்ன வருமென்று தெரியாது. கலந்து ஆடுகிறவனுக்குப் பயிற்சி கசக்கத்தான் செய்யும், ஒரு பந்துகூட நினைத்த மாதிரி வராது. ஆனால் கடைசிப் பரீட்சையில் முன்னால் நின்றது கலந்து ஆடிய குழு. பயிற்சியில் நன்றாகத் தெரிவது வேறு, கற்றுக்கொள்வது வேறு என்று இதைத்தான் சொல்கிறார்கள். சொல்வது எளிது. பணம் கட்டிய பெற்றோர் வேலிக்கு வெளியே நின்று தம் பிள்ளை பத்துக்கு ஏழு தவறவிடுவதைப் பார்க்கிறபோது கோச்சின் முதுகில் ஏறும் சூடு வேறு. ஒரு அம்மா என்னிடம் வந்து, "போன மாசம் நல்லாத்தானே அடிச்சிட்டு இருந்தான், நீங்க என்ன பண்ணீங்க?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மார்ச்சில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

யோசித்தால் இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் கரித்துண்டால் சுவரில் ஸ்டம்ப் வரைந்து ரப்பர் பந்தில் ஆடியவன் நான். ஒருத்தன் எறிவான், ஒருத்தன் உருட்டுவான், சாக்கடையில் விழுந்து எடுத்த பந்து வழுக்கிக்கொண்டு வரும், எதிர்வீட்டுக்குள் போனால் அவுட், ஒரு பிட்ச் விழுந்து ஒற்றைக் கையில் பிடித்தாலும் அவுட். எவனும் எனக்கு ஒரே மாதிரி 60 பந்து போட்டதில்லை. பிராட்மன் சிறுவனாக பௌரலில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் கட்டடத்தில் கோல்ஃப் பந்தை எறிந்து, அது கோணல்மாணலாகத் திரும்பி வருவதை ஒற்றை ஸ்டம்பால் அடித்துப் பழகியது நமக்கெல்லாம் பாட்டி கதை மாதிரித் தெரியும். தெரிந்த கதையை மறந்துவிட்டு மெஷினுக்குக் காசு கட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் வேலையாக விஃபிள் பந்து வாங்கினேன். ஒரு பக்கம் நீள்துளை போட்ட வெள்ளை பிளாஸ்டிக் பந்து, கூடவே ஒல்லியான மஞ்சள் பிளாஸ்டிக் மட்டை. 1953இல் கனெக்டிகட்டில் ஒரு தந்தை தன் பன்னிரண்டு வயது மகனுக்காக உருவாக்கியது. வளைபந்து வீசி வீசிப் பையனுக்குக் கை வலித்ததாம். துளை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து அது பாட்டுக்கு வளையும், எனக்கே எங்கே போகுமென்று தெரியாது. சாயங்காலம் பின்தோட்டத்தில் நான் 25 அடியில் நின்று போடுவேன். வேகம் குறைவு, ஆனால் தூரம் குறைவு என்பதால் அவனுக்குக் கிடைக்கும் நேரம் மேட்சில் கிடைப்பதுதான். செலவு பத்து டாலர் சொச்சம். கேஜில் அரை மணி நேரத்துக்கு அதைவிட அதிகம் கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது அடிக்காமல் நிற்பது. எங்கள் பிட்சர்கள் கை சூடாக்கும்போது, பையன்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மட்டையோடு பிளேட் அருகே நிற்க வேண்டும். வீசக்கூடாது. காலை மட்டும் எடுத்து வைத்து, பந்து கேட்சரின் கையுறையில் விழும்வரை பார்த்து, விழுமுன் 'ஸ்ட்ரைக்' அல்லது 'பால்' என்று சொல்ல வேண்டும். முதல் நாள் பாதிக்குப் பாதி தப்பு. அதிலும் என் பையனுக்குத் தாழ்வாக வரும் பந்தெல்லாம் பால், உயரமாக வருவதெல்லாம் ஸ்ட்ரைக். கண் உயரத்தில் வருவது பெரிதாகத் தெரியும், ஆசை காட்டும். ஏப்ரலில் எம்பி வீசியதன் ரகசியம் அன்று புரிந்தது.

டெட் வில்லியம்ஸின் புத்தகத்தில் ஒரு புகழ்பெற்ற படம் உண்டு. 1941இல் .406 சராசரி அடித்த மனிதர். ஸ்ட்ரைக் பகுதியை அகலத்தில் 7, உயரத்தில் 11 என்று 77 பந்துகளாக நிரப்பி, எந்தப் பந்தை அடித்தால் தன் சராசரி எவ்வளவு இருக்கும் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருப்பார். நடுவில் .400. வெளிப்பக்கக் கீழ்மூலையில் .230. அவ்வளவு பெரிய ஆளுக்கே ஸ்ட்ரைக் பகுதிக்குள் வரும் எல்லாப் பந்தும் நல்ல பந்து இல்லை. அதைப் பார்த்து ஒன்று வரைந்து எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டினோம். பையன் தன் எண்களைத் தானே நிரப்பினான். நடுவில் .900 என்று போட்டுக்கொண்டான். இருக்கட்டும்.

வீசுவதா விடுவதா என்ற முடிவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பிளம்பர் சொல்லித்தான் தெரியும். தயங்குகிற பிள்ளை மனதுக்குள் 'வேண்டாம், வேண்டாம், வேண்டாம்... ஐயோ, நல்ல பந்து' என்று நிற்கும். அப்போது நேரம் போய்விட்டிருக்கும். அதைத் திருப்பிப்போட வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் 'அடிக்கிறேன், அடிக்கிறேன்' என்றே கிளம்ப வேண்டும், கெட்ட பந்து என்றால் மட்டும் கடைசி நொடியில் நிறுத்த வேண்டும். கிளம்பினவன் நிறுத்தலாம். கிளம்பாதவன் கிளம்ப முடியாது. என் பையன் இதைத் தன் தமிழில் ஆக்கிக்கொண்டான்: "வா, வா, வா... போ!" கெட்ட பந்து போகும்போது வாய்விட்டே "போ" என்பான். இரண்டு வாரத்தில் எங்கள் இத்தாலிய வம்சாவளிக் கேட்சரும் "போ" சொல்ல ஆரம்பித்துவிட்டான். அம்மாவுக்கு அதில் ஏகப் பெருமை.

இன்னொரு விஷயம் விதிப் புத்தகத்தில் ஒளிந்திருந்தது. பாதுகாப்புக்காக, பையன்கள் ஆடும் லிட்டில் லீகில் இந்த வயதில் அடுத்து ஆட வேண்டியவன் வெளியே நின்று மட்டை சுழற்றிப் பார்க்கக்கூடாது. இன்னிங்ஸின் முதல் ஆள் தவிர மற்றவர்கள் பெஞ்சிலிருந்து நேராகப் போய் நிற்க வேண்டும். அரை மணி நேரம் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துவிட்டுப் போனால், கிடைப்பது நான்கைந்து பந்து. கேஜிலோ அறுபது, மூச்சு விடாமல். ஆகவே பயிற்சியிலும் அப்படியே ஆக்கினோம். எங்கோ ஃபீல்டிங் செய்துகொண்டிருப்பவனைத் திடீரென்று கூப்பிடுவோம். ஹெல்மெட், மட்டை, ஒரு ஸ்ட்ரைக் ஒரு பால் ஆகிவிட்டது என்று கணக்கு, எதிரே நம் பிட்சர். ஒரே ஒரு வாய்ப்பு. முடிந்ததும் திரும்ப ஃபீல்டிங். பிட்சர் ஒரு நாளில் எத்தனை போடலாம் என்று வரம்பு இருப்பதால் (பத்து வயதுக்கு மேட்சில் 75) இதை அளவாகத்தான் செய்ய முடியும். ஆனால் அந்த ஒரு வாய்ப்புக்காகப் பையன்கள் காத்துக்கிடந்தார்கள். கேஜில் என் பையன் கொட்டாவி விட்டதைப் பார்த்திருக்கிறேன், இதில் பார்த்ததில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று மிச்சமிருந்தது. மட்டை சுழலும்போது அவன் முன்கால் பிட்சரை நோக்கிப் போகாமல் மூன்றாவது பேஸ் பக்கம் ஓடும். உடம்பு பிளேட்டை விட்டு விலகும், வெளிப்பக்கப் பந்து எதுவும் எட்டாது. நான் தரையில் கோடு போட்டேன், பின்னால் மரக்கட்டை வைத்தேன். கட்டை இருக்கும்வரை கால் ஒழுங்கு, எடுத்தால் ஓட்டம். ஒருநாள் இரவு பல் தேய்த்துக்கொண்டே சொன்னான், கண்ணாடியைப் பார்த்தபடி, "இங்க பட்டுச்சுல்ல, அது ரொம்ப வலிச்சுச்சுப்பா." அதற்கு முந்தின வருடம் ஒரு பையன் போட்ட பந்து விலாவில் பட்டிருந்தது. ஒரு வாரம் நீலம் பாரித்திருந்ததை நான் மறந்துவிட்டேன். அவன் கால் மறக்கவில்லை. மெஷின் யாரையும் அடிக்காது, அதனால் கேஜில் அந்தக் கால் நேராகவே போயிருக்கிறது. நான் அதை டெக்னிக் என்று நினைத்திருக்கிறேன்.

டென்னிஸ் பந்து ஒரு டஜன் எடுத்துக்கொண்டு பின்தோட்டத்துக்குப் போனோம். "இன்னைக்கு அடிக்க வேண்டாம். நான் உன்மேல போடுவேன், நீ வாங்கிக்க." எப்படி வாங்குவது என்பது ஒரு கலை. பந்தைப் பார்த்தபடி பின்னால் சாயக்கூடாது. நெஞ்சும் முகமும் திறந்துவிடும். முன்தோளைக் கேட்சர் பக்கம் திருப்பி, முகவாயைத் தோளுக்குள் புதைத்து, மட்டையைக் கீழே இறக்கி, முதுகைக் கொடுக்க வேண்டும். முதல் பந்து முதுகில் 'தப்' என்று பட்டது. திரும்பிப் பார்த்தான். "இவ்ளோதானா?" பத்தாவது பந்துக்கு உருண்டு உருண்டு சிரித்தான். பிறகு மட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு என்மேல் எறிந்தான், சற்று அதிக உற்சாகத்தோடு. ஜன்னலிலிருந்து அம்மா, "பிள்ளையப் போட்டு அடிக்கியால?" என்று கத்தினார். நான்கு நாள் இப்படி. கால் ஒரேயடியாகத் திருந்திவிடவில்லை. ஆனால் கட்டையை எடுத்த பிறகும் பாதி நேரம் நேராகப் போனது.

மேட்ச் அன்று என் வேலை வாயை மூடிக்கொள்வது. இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு அவன் என்னைத் திரும்பிப் பார்ப்பான் என்பதை வேறு யாரோ எடுத்த வீடியோவில்தான் கவனித்தேன். பார்க்காமல் என்ன செய்வான், நான்தான் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தேனே! அரை நொடிக் கணக்கில் முழங்கையைப் பற்றி யோசிக்க இடமேது? ஒப்பந்தம் போட்டோம். அவன் மட்டை பிடிக்கும்போது நான் ஒரு வார்த்தையும் பேசமாட்டேன். அவன் வெளியே வந்து, மூச்சை விட்டு, மட்டையால் பிளேட்டைத் தட்டிக்கொண்டு திரும்ப நிற்பான். காரிலும் பேச்சு கிடையாது, அவனாகக் கேட்டால் ஒழிய. ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த முதல் மேட்சில் கையுறையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூனில் கடைசி மேட்ச். அதற்குள் அவன் பெரிய அடிகாரன் ஆகிவிட்டான் என்றெல்லாம் இல்லை. ஸ்ட்ரைக் அவுட் குறைந்தது, நாலு பால் வாங்கி நடப்பது கூடியது, சீசன் முழுக்க நல்ல அடி என்று சொல்ல ஏழெட்டு இருக்கும். அன்று நான் முதல் பேஸ் கோச்சாக நின்றேன். எதிரே உயரமான இடதுகைப் பையன், வேகம். இரண்டு பால், இரண்டு ஸ்ட்ரைக். காதுக்குப் பக்கத்தில் வந்த ஒன்றுக்கு முதுகைக் கொடுத்துத் திரும்பி மண்ணில் விழுந்தான், படவில்லை. மூன்று பால். எழுந்து, மண்ணைத் தட்டி, பிளேட்டைத் தட்டி, திரும்ப நின்றான். என்னைப் பார்க்கவில்லை. அடுத்தது மெதுபந்து. பத்து வயதுப் பையன் அந்த நேரத்தில் மெதுபந்து போடுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மட்டை வந்தது, பாதியில் ஒரு கணம் தயங்கிக் காத்தது, முனையில் பட்டது. தரையோடு உருண்டு இரண்டாவது பேஸ்காரன் கைக்குப் போனது. என்னைத் தாண்டி ஓடினான். இரண்டு எட்டு வித்தியாசத்தில் அவுட்.

திரும்பி வரும்போது மூச்சிரைத்தபடி, "மெதுவா வந்துச்சுப்பா. கை வரும்போதே தெரிஞ்சுது. கால்தான் கொஞ்சம் முன்னாடி போயிருச்சு" என்றான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

இன்னிங்ஸ் முடிந்து வேலியோரம் போனேன். அம்மா ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"அவுட்டா?"

"அவுட்டும்மா."

"பொறவு ஏம்ல சிரிக்க?"